ரைட் வீட்டுப் பிள்ளைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேஸ்பாலின் தொடக்ககாலம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜார்ஜ் ரைட்டின் பெயர் ஒரே வரியில் வந்துபோனது. அணித்தலைவரின் தம்பி என்பதால்தான் அவருக்குப் பெரிய சம்பளம் கிடைத்ததா? அவருடைய குடும்பத்தைப் பற்றியும் எழுதுங்களேன்.

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1869இல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்ற பேஸ்பால் அணியில் ஜார்ஜுக்கு 1,400 டாலர் சம்பளம். அணியைக் கட்டி நடத்திய அண்ணன் ஹாரிக்கு 1,200தான். ஜார்ஜ் அன்று நாட்டிலேயே சிறந்த ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர். அந்த வருடம் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

குடும்பம் என்றால் அப்பா சாமுவேலிடமிருந்து தொடங்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்து, நியூயார்க்கின் செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடியவர். ஹாரி ஷெஃபீல்டில் பிறந்தார், ஜார்ஜ் நியூயார்க்கில். கிரிக்கெட் கூலியில் அடுப்பெரிந்த வீடு அது. பேஸ்பாலிலோ சம்பளத்துக்கு ஆட அன்று தடை இருந்ததால், பணம் வாங்குவதை மறைத்தாக வேண்டும். 1867இல் வாஷிங்டன் அணிக்கு ஆடியபோது ஜார்ஜைக் குமாஸ்தா என்று காட்டினார்கள். கொடுத்திருந்த முகவரியில் இருந்தது ஒரு பூங்கா! இரண்டே வருடத்தில் அண்ணன் தம்பி இருவரும் ஊரறியச் சம்பளம் வாங்கினார்கள். ஆட்டமும் ஒரு வேலைதான் என்பதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் என்ன கூச்சம்? அவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1870இல் புரூக்ளினிடம் தோற்றதும் கூட்டம் குறைந்தது, கிளப் சம்பளத்தை நிறுத்தியது. சகோதரர்கள் பாஸ்டனுக்குப் போய் 1872 முதல் 1875 வரை நான்கு முறை தொடர்ந்து பட்டம் வென்றார்கள். நடுவில் 1874இல் இங்கிலாந்துப் பயணம். அங்கே பதினெட்டுப் பேராக இறங்கிக் கிரிக்கெட்டும் ஆடினார்கள், ஒன்றிலும் தோற்கவில்லை. அப்பா சொல்லிக்கொடுத்த ஆட்டமல்லவா!

அப்புறம் 1879. ஜார்ஜ் பிராவிடன்ஸ் அணிக்கு மேலாளராகப் போய், அண்ணனின் பாஸ்டனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். தம்பி என்பதால் கிடைத்த சம்பளமா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஜார்ஜ் பிறகு ரைட் அண்ட் டிட்சன் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்தை நடத்தினார். மகன் பீல்ஸ் டென்னிஸ்காரர். 1904 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், 1905இல் அமெரிக்க ஒற்றையர் பட்டம். தாத்தாவும் அப்பாவும் ஆடிச் சம்பாதித்தவர்கள். பேரனுக்கு வாய்த்ததோ பரிசுப் பணம் வாங்கக்கூடாத ஆட்டம்.

பேஸ்பால் புகழ் மண்டபத்தில் ஜார்ஜுக்கு 1937இலேயே இடம் கிடைத்தது. 1895இல் இறந்த ஹாரிக்கு 1953இல்தான் கிடைத்தது. அணி நடத்துவதையே ஒரு தொழிலாக்கிக் காட்டியவருக்கு இவ்வளவு தாமதம் ஆனதை என்னால் ஏற்கவே முடியவில்லை.