தேள் வளர்ப்பு: நீங்க கேட்டதும் நாங்க சொன்னதும்

செடித்தொட்டிய நகத்தும்போது அடியில ஒரு இன்ச் நீளத்துல ரெண்டு தேள் கிடைச்சுது அண்ணா. ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். சின்னதுங்கறதால விஷம் கம்மியாத்தான் இருக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, கையில எடுக்கலாமா?

தம்பி, இத படிச்சதும் முதல் வேலையா ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு வைங்க. பெரும்பாலான தேள் தன் இனத்தையே பிடிச்சுத் தின்னும், நாளைக்கு காலையில பாத்தா ஒண்ணுதான் இருக்கும்.

சின்ன தேளுக்கு விஷம் கம்மிங்கறத தயவுசெஞ்சு நம்பாதீங்க. உலகத்துல 2,500 வகைக்கு மேல தேள் இருக்கு, அதுல மனுஷ உயிருக்கே ஆபத்தானது சில டஜன்தான், ஆனா அந்த சில டஜன்ல கிட்டத்தட்ட எல்லாமே பூத்திடேங்கற ஒரே குடும்பம், அவங்க ஒண்ணும் பெரிய உருவம் இல்ல. செந்தேள் உள்ளங்கைக்குள்ள அடங்கிடும், அது கொட்டி குழந்தைங்க உயிரே போயிருக்கு. பெருசா கருப்பா இருக்குற நட்டுவாக்காலி பாக்கத்தான் பயங்கரம், விஷம் அந்த அளவுக்கு இல்ல. பொதுவா இடுக்கி ஒல்லியாவும் வால் தடிமனாவும் இருந்தா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்லுவாங்க, ஆனா இது ஒரு குறிப்புதான், குட்டியா இருக்கும்போது இத வச்சு முடிவு பண்ண முடியாது. விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் இன்ன வகைன்னு உறுதியா சொல்ற வரைக்கும் ஆபத்தான வகைன்னே நினைச்சுக்கோங்க. செந்தேளா இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா வளர்க்கவே வேண்டாம், வீட்டுல குழந்தைங்க இருந்தா அத பத்தி யோசிக்கவே வேண்டாம்.

எந்த வகையா இருந்தாலும் கையில எடுக்காதீங்க. ஒரு கப்பை கவுத்து அடியில அட்டையை சொருகி மாத்துங்க, இல்லன்னா நீளமான சாமணம். வீட்டுல இருக்குற எல்லாருக்கும் தேள் இருக்கறது தெரியணும், தேள் கொட்டின திருடன் மாதிரி முழிச்சுக்கிட்டு மறைக்குற விஷயம் இல்ல இது. ஒருவேளை கொட்டிட்டா கீறக்கூடாது, கயிறு கட்டக்கூடாது, உறிஞ்சக்கூடாது, சோப்பு தண்ணில கழுவிட்டு துணியில சுத்தின ஐஸ் வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு கிளம்பணும். வேர்த்துக் கொட்டுறது, வாந்தி, நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குறது இதெல்லாம் வருதான்னு வீட்டுல உக்காந்து பாத்துட்டு இருக்கக்கூடாது.

மரப்பட்டைக்குள்ள இருந்து எடுத்த தேள் ஒண்ணு வச்சிருக்கேன். கண்ணாடி டப்பாவுல மணல் போட்டு, தினமும் ரெண்டு வேளை ஸ்ப்ரே பண்றேன். ஆனா மந்தமாவே இருக்கு. என்ன தப்பு பண்றேன்?

எங்க இருந்து எடுத்தீங்களோ அந்த இடம்தான் உங்களுக்கு பாடப்புத்தகம், நான் வேற என்ன சொன்னாலும் அதுக்கு அடுத்ததுதான். பட்டைக்குள்ள இருந்த தேள் இடுக்குல உடம்ப ஒட்டிக்கிட்டு வாழற ஜீவன், அத வெறும் மணல்ல விட்டா ஒளிய இடமே இல்லாம ராத்திரி பகலா தவிக்கும். தேங்காய் நார்த்தூளும் மண்ணும் கலந்து நாலு விரல்கடை போடுங்க, மேல ரெண்டு மூணு பட்டையை ஒண்ணு மேல ஒண்ணா, உடம்பு நுழையற அளவு மட்டும் இடைவெளி விட்டு அடுக்குங்க. காய்ஞ்ச இடத்துல கல்லுக்கடியில எடுத்த தேளா இருந்தா மணல் கலந்த மண்ணு, ஒரு தட்டைக்கல்லு, அவ்வளவுதான்.

ஸ்ப்ரேயை நிறுத்துங்க. வயித்துப் பக்கம் நாலு ஜோடி மூச்சுத் துளை இருக்கு, எந்நேரமும் ஈரத்துல படுத்துக் கிடந்தா பூஞ்சை பிடிக்கும், உண்ணியும் பெருகும். டப்பாவோட ஒரு மூலையில மட்டும் மண்ணுல தண்ணி ஊத்துங்க, மறுபக்கம் காய்ஞ்சே இருக்கட்டும், எது வேணும்னு அதுவே தேடிப் போயிக்கும். குடிக்க ஒரு பாட்டில் மூடியில தண்ணி, குட்டியா இருந்தா மூழ்காம இருக்க உள்ள ஒரு கூழாங்கல்லு. சூட்டுக்கு ஹீட் பேட் வச்சா அடியில வைக்காதீங்க, சூடு தாங்கலன்னா தேள் கீழ்நோக்கி தோண்டும், அடியிலயே சூடுன்னா அதுக்கு தப்பிக்க வழி இல்ல. பக்கவாட்டுல ஒட்டுங்க. வழுவழு கண்ணாடியில ஏறாது, ஆனா மூலையில இருக்குற சிலிக்கான் பசையைப் பிடிச்சு தாராளமா ஏறும், அதனால மூடி இறுக்கமா இருக்கணும்.

மூணு வாரமா எதுவுமே சாப்பிடல. வயிறு மட்டும் ஊதிப்போன மாதிரி இருக்கு, ஒரே இடத்துல கிடக்கு. செத்துடுமா?

நீங்க சொல்ற எல்லாமே தோல் உரிக்கப்போற அறிகுறி மாதிரிதான் இருக்கு, பயப்படாதீங்க. தேளுக்கு பசி கம்மி, மாசக்கணக்குல சாப்பிடாமலே இருக்கும். முதுகுப் பட்டைகளுக்கு நடுவுல இருக்குற வெளிர் தோல் இழுத்துப் பிடிச்ச மாதிரி தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா உள்ள விட்டிருக்குற பூச்சிய எல்லாம் வெளிய எடுத்துட்டு, அந்த ஈர மூலை மட்டும் காயாம பாத்துக்கிட்டு, டப்பாவத் தொடாம விட்டுடுங்க.

பூச்சிய எடுக்கச் சொல்றது சும்மா இல்ல. நான் ஒரு தடவ சுவர்க்கோழி ஒண்ண உள்ளயே விட்டுட்டு தூங்கிட்டேன், அன்னைக்கு ராத்திரிதான் என் தேள் தோல் உரிச்சிருக்கு, பழைய தோல்ல இருந்து வெளிய வந்தப்ப உடம்பு வெளுத்து மெத்துன்னு, கொடுக்கு கூட கெட்டிப்படாம இருந்திருக்கும், காலையில பாத்தா சுவர்க்கோழி அதோட காலை கடிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கு. இன்னைக்கு நெனச்சாலும் மனசு ஆறல. அதுக்கப்புறம் பூச்சி போட்டா மறுநாளே மிச்சத்த எடுத்துடுவேன்.

உரிச்சு முடிச்சு உடம்பு நல்லா கெட்டியாகி நிறம் திரும்பினப்புறம், ஒரு வாரம் கழிச்சு சாப்பாடு குடுங்க. தேளோட உடம்ப விட, வால விட்டுட்டு கணக்குப் பண்ணி, சின்னதா இருக்குற பூச்சியா ஒண்ணு, குட்டிக்கு வாரம் ஒரு தடவ, வளந்ததுக்கு ரெண்டு வாரம் ஒரு தடவ போதும். மருந்து அடிச்ச வீட்டுல பிடிச்ச கரப்பான மட்டும் போட்டுடாதீங்க. சாப்பிடும்போது பக்கத்துல இருந்து பாருங்க, பிடிச்ச பூச்சிய வாய்கிட்ட வச்சு கசக்கி, வெளியிலயே செரிக்க வச்சு சாறா உறிஞ்சும், மணிக்கணக்கா நடக்கும், கடைசியில ஒரு சின்ன உருண்டைதான் மிச்சம்.

ஒரே ஒரு தேள் தான் வச்சிருந்தேன், அஞ்சு மாசம் ஆச்சு. நேத்து பாத்தா முதுகு நிறைய வெள்ளையா குட்டிங்க! எப்படி சார்?

பிடிக்கும்போதே சினையா இருந்திருக்கும், தேளுக்கு சினைக்காலம் மாசக்கணக்கு, சில வகையில ஒரு வருஷத்தையும் தாண்டும். இன்னொரு வழியும் இருக்கு, பட்டை இடுக்குல வாழற லியோகீலஸ்னு ஒரு குட்டித் தேள், அதுல சில கூட்டத்துல ஆணே இல்லாம பொண்ணு மட்டும் குட்டி போடும்.

இப்ப டப்பாவ இருட்டான இடத்துல வைங்க, ஆட்டாதீங்க, அம்மா மிரண்டா குட்டிகள தின்னுடும். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல குட்டிங்க முதுகுலயே முதல் தோல உரிச்சுட்டு கீழ இறங்கும், இறங்கினதும் ஒவ்வொண்ணா பிரிச்சுடுங்க. கீழ விழுந்த குட்டிய எடுத்து மேல வைக்க முயற்சி பண்ண வேண்டாம், அதுவா ஏறிக்கும்.

யூவி டார்ச்ல பச்சையா மின்னுது, தினமும் அடிச்சுப் பாக்கலாமா?

தலை எண்ணிக்கை சரியா இருக்கான்னு ஒரு நிமிஷம் பாத்துட்டு அணைச்சுடுங்க. வெளிச்சம்னாலே அதுக்கு ஆகாது. புதுசா தோல் உரிச்சது மின்னலன்னா கவலைப்படாதீங்க, தோல் கெட்டியாக கெட்டியாக மின்ன ஆரம்பிக்கும்.

வீட்டுல அம்மா ஒத்துக்கல. திரும்ப விட்டுடலாம்னு இருக்கேன்.

அம்மா சொல்றது நியாயம்தான். ஆனா பிடிச்ச அதே இடத்துல மட்டும்தான் விடணும், அதுவும் வேற இடத்து தேளோட ஒட்டாம தனியா இருந்ததா இருந்தா மட்டும். வேற இடத்துல விட்டா அதுக்கும் கெடுதல், அங்க இருக்குற ஜீவனுக்கும் கெடுதல். உடம்பு மடிப்புல செவப்பா உண்ணி ஒட்டியிருந்தா பிடிக்கும்போதே இருந்ததா, இங்க வந்ததான்னு யோசிச்சுப் பாருங்க, இங்க வந்ததுன்னா விடாதீங்க. சாயங்காலம் இருட்டுற நேரமா போங்க. தேள விட்டுட்டு அது மேல கல்ல வைக்கக்கூடாது, கல்ல பழையபடி வச்சுட்டு அதோட ஓரத்துல கப்ப சாய்ச்சுப் பிடிங்க, அதுவா உள்ள போயிடும்.