பேன் மருந்து மூன்று முறை போட்டும் பேன் போகவில்லையே!

கேள்வி: எனக்கு 8 வயதில் ஒரு மகள், 4 வயதில் ஒரு மகன். ரங்கூனில் தாம்வே பகுதியில் இருக்கிறோம். ஜூனில் பள்ளி திறந்த சில வாரங்களில் மகள் தலையில் பேன் வந்துவிட்டது. மருந்துக்கடையில் பெர்மெத்ரின் கலந்த மருந்தை வாங்கி, ஒரே வாரத்தில் மூன்று முறை போட்டுக் குளிப்பாட்டினேன். அரிப்பு நின்றது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் பேன்! மாமியார் மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார். இல்லாவிட்டால் மொட்டை அடித்துவிடு என்கிறார். பிள்ளைக்கு இடுப்பு வரை முடி. மொட்டை என்ற பேச்சை எடுத்தாலே அழுகிறாள். இப்போது தம்பியும் தலையைச் சொறிகிறான். வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன்?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரி,

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "ஒரே வாரத்தில் மூன்று முறை." பெர்மெத்ரின் ஊர்ந்து திரியும் பேனைக் கொல்லும். முடியில் ஒட்டியிருக்கும் ஈரை முழுவதுமாகக் கொல்லாது. ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் வரை ஆகும். நீங்கள் மூன்றாம் முறை மருந்து போட்டு முடித்தபோது, கடைசியாக வைத்த ஈர்கள் பொரிக்கவே இல்லை. அதன் பிறகு அவை பொரித்து, யாரும் தொந்தரவு செய்யாமல் வளர்ந்துவிட்டன. குஞ்சு பெரிதாகி ஈர் வைக்க இன்னும் 9 முதல் 12 நாள் போதும். ஒரு பெண் பேன் ஒரு நாளைக்கு 8 ஈர் வரை வைக்கும். இரண்டு வாரத்தில் தலை ஏன் நிறைந்தது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

மருந்து போட்ட முறையிலும் சறுக்க இடம் உண்டு. தண்ணீர் சொட்டும் தலையில் போட்டால் மருந்து நீர்த்துவிடும். கண்டிஷனர் போட்ட முடியில் மருந்து சரியாகப் பிடிக்காது. சாதாரண ஷாம்புபோல உடனே அலசினாலும் பயனில்லை. தலையைத் துண்டால் ஒற்றி ஈரத்தை எடுத்த பிறகு, காதுக்குப் பின்னும் பிடரியிலும் நன்றாகப் படும்படி தடவி, 10 நிமிடம் வைத்து அலச வேண்டும். இது 1 சதவீத மருந்துக்கான கணக்கு. சொறி சிரங்குக்குக் கொடுக்கும் 5 சதவீதக் களிம்பு வேறு. கடையில் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேனுக்கும் வீட்டுச் சுத்தத்துக்கும் தொடர்பே இல்லை. அதற்குப் பறக்கவோ குதிக்கவோ தெரியாது. தலையோடு தலை உரசும்போது முடியைப் பிடித்து ஊர்ந்து போகும், அவ்வளவுதான். ஒரே பெஞ்சில் நெருங்கி உட்காரும் பிள்ளைகளுக்கும், ஒரே பாயில் படுக்கும் அக்கா தம்பிக்கும் பரவுவது இப்படித்தான். பிள்ளையிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தன் மேல் ஏதோ அழுக்கு ஒட்டிக்கொண்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

இனிச் செய்ய வேண்டியது. மூன்று முறை மருந்து கண்ட தலைக்கு உடனே நான்காம் முறை வேண்டாம் என்பது என் கருத்து. சீப்பை நம்புங்கள். ஈரத் தலையில், ஒழுங்காக, குறித்த நாள் தவறாமல் சீவினால் மருந்தே இல்லாமல் பேனை ஒழிக்கலாம்.

சீப்பு சரியாக இல்லாவிட்டால் எல்லா உழைப்பும் வீண். இரண்டு பக்கமும் பல் வைத்த மரச் சீப்பிலும் பிளாஸ்டிக் சீப்பிலும் பல் வளைந்து கொடுக்கும். குஞ்சுப்பேன் நழுவிப் போய்விடும். உலோகப் பல் உள்ள பேன் சீப்பு வாங்குங்கள். பல்லுக்குப் பல் இடைவெளி 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். கடையில் அளக்க முடியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எல்லா இடைவெளியும் ஒரே சீராக, மெல்லிய கீற்றாகத் தெரிய வேண்டும். ஒரு பல் விலகியிருந்தாலும் வேண்டாம்.

முடி வழுவழுப்பாக இருந்தால்தான் சீப்பு தோலைத் தொட்டு ஓடும். சாதாரண கண்டிஷனர் போதும். இடுப்பு வரை முடிக்கு 4, 5 மேசைக்கரண்டி தேவைப்படும். கஞ்சத்தனம் பார்த்தால் முடி இழுத்துக்கொள்ளும், பிள்ளை எழுந்து ஓடிவிடுவாள். சந்தையில் காய்ச்சி விற்கும் தயோ-கின்புன் என்ற தலை அலசும் சாறு கிடைத்தால் அதுவும் உதவும். கின்புன் நம் சீகைக்காயேதான். கூட ஊறும் தயோ என்ற மரப்பட்டையின் கொழகொழப்பு முடியை வழுக்க வைக்கும். அது பேனைக் கொல்லும் என்று எண்ண வேண்டாம். கண்ணில் பட்டால் எரியும் என்பதால் நெற்றியில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள்.

தலையைச் சாதாரண ஷாம்பு போட்டு அலசிவிட்டு, ஈரத்தோடு கண்டிஷனரை வேர் முதல் நுனி வரை தடவுங்கள். முதலில் அகலப் பல் சீப்பால் சிக்கு எடுங்கள். பிறகு முடியை நான்காகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். பிடரியிலிருந்து தொடங்குங்கள், பேனுக்குப் பிடித்த இடம் அதுவும் காதோரமும்தான். பேன் சீப்பின் அகலத்துக்கு மேல் போகாமல் ஒரு சிறு கற்றையை எடுங்கள். சீப்பின் பல் தலைத்தோலைத் தொட வேண்டும். அங்கிருந்து ஒரே இழுப்பாக நுனி வரை கொண்டு வந்து, வெள்ளைத் துணியிலோ டிஷ்யூவிலோ துடையுங்கள். அதே கற்றையை இன்னொரு முறை சீவிய பிறகே அடுத்தது. முழுத் தலையும் முடிந்ததும் அலசிவிட்டு ஈரத்தோடு ஒரு சுற்று மறுபடி சீவுங்கள். இந்த நீள முடிக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாது. பாதியில் பத்து நிமிடம் இடைவெளி கொடுங்கள்.

நேரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் இரவில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். குஞ்சுப்பேன் கண்ணுக்குத் தெரிய நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். மழைக்காலத்தில் நீள முடி காயவும் நேரம் பிடிக்கும். பள்ளி விட்டு வந்ததும், ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்கார வையுங்கள்.

நாள் கணக்குதான் இதில் உயிர். சனிக்கிழமையை முதல் நாளாக வைத்துக்கொண்டால் 5ஆம் நாள் புதன், 9ஆம் நாள் ஞாயிறு, 13ஆம் நாள் வியாழன். இந்த நான்கு நாளும் முழுச் சீவல். 17ஆம் நாள் திங்கட்கிழமை ஒரு சோதனை. இடையிடையே ஈர் பொரித்துக் குஞ்சு வரத்தான் செய்யும். நான்கு நாளுக்கு ஒரு முறை சீவுவதால் எந்தக் குஞ்சும் ஈர் வைக்கும் வயதை எட்டாது. இதைச் சுவர் நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். அரிப்பு நின்றுவிட்டது என்று 9ஆம் நாளை விட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

சீவும்போது துணியில் வந்ததைப் பிள்ளையையே எண்ணி எழுதச் சொல்லுங்கள்: பெரியது எத்தனை, சிறியது எத்தனை. அவளுக்கும் ஒரு வேலை கிடைக்கும், உங்களுக்கும் நிலவரம் தெரியும். பெரிய பேன் ஓர் எள் அளவு இருக்கும், 2 முதல் 3 மில்லிமீட்டர். 5ஆம் நாள் பொடிக் குஞ்சுகள் மட்டும் வந்தால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. 9ஆம் நாளோ 13ஆம் நாளோ பெரிய பேன் அகப்பட்டால், முந்தைய சீவலில் தப்பியிருக்கிறது, அல்லது வெளியிலிருந்து புதிதாக ஏறியிருக்கிறது. அப்போது அந்த நாளையே முதல் நாளாக வைத்துக் கணக்கை மறுபடி தொடங்குங்கள்.

வெள்ளையாக ஒட்டியிருக்கும் ஈரைப் பார்த்துக் கலங்க வேண்டாம். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். தோலிலிருந்து 1 சென்டிமீட்டருக்கு அப்பால் இருப்பது பெரும்பாலும் பொரித்துப் போன வெற்றுக் கூடு. தோலை ஒட்டிப் பழுப்பாக இருப்பதுதான் உயிருள்ள ஈர். பொடுகு ஊதினால் பறக்கும். ஈரை நகத்தால் உருவினால்தான் வரும்.

மருந்தும் வேண்டும் என்று தோன்றினால் 1ஆம் நாளும் 9ஆம் நாளும் மட்டும், மேலே சொன்ன முறையில். மருந்துக்கு முன்னால் கண்டிஷனர் கூடாது. போட்ட பின் ஒன்றிரண்டு நாள் ஷாம்பு வேண்டாம். 8 முதல் 12 மணி நேரம் கழித்துப் பாருங்கள். பேன் பழைய வேகத்திலேயே ஓடினால் அந்த மருந்துக்கு அது பழகிவிட்டது. அதையே திரும்பத் திரும்பப் போடாமல் மருத்துவரிடம் வேறு மருந்து கேளுங்கள்.

இனி மண்ணெண்ணெய். தயவுசெய்து வேண்டாம், சகோதரி. தலைத்தோல் வெந்து புண்ணாகும். பிள்ளை வாயில் போய்ப் புரையேறினால் நுரையீரல் கெடும். கரண்ட் போனதும் மெழுகுவத்தி ஏற்றும் வீட்டில், மண்ணெண்ணெய் ஊறிய இடுப்பு நீள முடியோடு ஒரு குழந்தை நடமாடுவதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவதும் நம்மவர்களிடம் உண்டு. அது கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்ப்பதும் ஆபத்து. சிறு பிள்ளை உடம்பில் சேர்ந்தால் வலிப்பு வரலாம். கரப்பான் பூச்சிக்கு விற்கும் சாக்கட்டி ஒரு பூச்சிக்கொல்லி. தலைப்பக்கமே கொண்டு போகாதீர்கள். வெறும் தேங்காய் எண்ணெய் தீங்கில்லாதது. முடியை வழுக்க வைக்கும், அதை மட்டும் நம்பினால் பேன் போகாது.

மொட்டை அடித்தால் பேன் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் பேனுக்காக, அழ அழ, பள்ளிக்குப் போகிற 8 வயதுப் பெண் பிள்ளைக்கு அதைச் செய்யத் தேவையே இல்லை. சீவச் சிரமமாக இருந்தால், அவள் சம்மதத்தோடு தோள் அளவுக்கு வெட்டிவிடலாம். சீவும் நேரம் பாதியாகும். அதற்கும் மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். மாமியாரோடு வாதாட வேண்டாம். "அத்தை, நீங்களே பேன் பாருங்கள், நான் துணியில் துடைத்துத் தருகிறேன்" என்று சீப்பை அவர் கையில் கொடுங்கள். முடியைப் பிரித்துப் பேன் பார்ப்பதில் அந்தத் தலைமுறையின் கைப்பழக்கம் நமக்கு இல்லை. கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டு பார்க்கட்டும். துணியில் வந்ததை நீங்கள் பாருங்கள்.

முதல் நாளே வீட்டில் எல்லாருடைய தலையையும் சீப்பால் சோதியுங்கள், உங்களுடையதையும் அப்பாவுடையதையும் சேர்த்து. உயிருள்ள பேன் கிடைத்த தலைகளுக்கெல்லாம் அன்றே, அதே நாள் கணக்கில் தொடங்க வேண்டும். தம்பிக்கு முடியை ஒட்ட வெட்டிவிட்டுச் சீவினால் பத்து நிமிடத்தில் முடியும்.

வீட்டைத் தலைகீழாக்க வேண்டாம். தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். கடைசி இரண்டு நாள் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, ரிப்பன், சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் ஊற வைத்துக் கழுவினால் போதும். கொதிக்கும் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சம அளவு கலந்தால் 60 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். சீப்பை அதில் 10 நிமிடம் ஊற வைத்து, பல்லிடுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். துணிக்குக் கொதிநீரைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாளியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். துவைக்க முடியாத பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஒதுக்கினால் போதும். மெத்தைக்குப் பூச்சி மருந்து அடிப்பது பிள்ளைகளின் மூச்சுக்குத்தான் கேடு.

பேன் போன பிறகும் ஒன்றிரண்டு வாரம் அரிக்கலாம். பேனின் எச்சிலுக்குத் தோல் காட்டும் ஒவ்வாமை அது. அரிப்பை மட்டும் வைத்து மறுபடி மருந்து போடாதீர்கள். சீப்பில் பேன் வருகிறதா என்று பாருங்கள். சொறிந்த இடம் புண்ணாகி நீர் கசிந்தாலோ, பிடரியில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

பேனுக்காகப் பள்ளியை நிறுத்த வேண்டாம். முடியை இறுக்கிப் பின்னி, பின்னலை மடித்துக் கட்டி அனுப்புங்கள். வகுப்பு சயாமாவை, அதாவது ஆசிரியையைத் தனியாகப் பார்த்து, மற்றப் பெற்றோருக்கும் தலையைப் பார்க்கச் சொல்லும்படி கேளுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் வெளியே வர வேண்டாம். பக்கத்தில் உட்காரும் தோழியின் அம்மாவிடம் மட்டும் நீங்களே பேசிவிடுங்கள். இரண்டு வீட்டிலும் ஒரே சனிக்கிழமை தொடங்கினால், இங்கே போனது அங்கிருந்து திரும்பி வராது.