‘நைஸ்’ என்று எழுதியது அவமரியாதையா?

கேள்வி: ஓய்வுபெறப்போகும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கு, அங்கே படித்த என் மகள் (இப்போது படிவம் நான்கு) ஆங்கிலத்தில் வாழ்த்து அட்டை எழுதினாள். ‘வெரி நைஸ் பெர்சன்’ என்று அதில் இருந்தது. கோலாலம்பூரில் படிக்கும் என் அண்ணன் மகன், “நைஸ் என்றால் முட்டாள் என்றுதான் அர்த்தம்” என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து அட்டையைக் கொடுக்கவே மாட்டேன் என்கிறாள். மழை நாளில் தோட்டத்துப் பிள்ளைகளின் பஸ் வரும்வரை குடையோடு கேட்டில் நின்ற மனிதர் அவர். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாகக் கொடுக்கச் சொல்லுங்கள், சகோதரி. உங்கள் அண்ணன் மகன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது 700 வருஷத்துக்கு முந்தைய சங்கதி.

லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘நெ’ என்பது இல்லை, ‘ஸ்கிரே’ என்பது அறிதல். சயன்ஸ் என்ற சொல்லும் இதே ‘ஸ்கிரே’யிலிருந்து வந்ததுதான், மகளிடம் சொல்லிப்பாருங்கள், ரசிப்பாள். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது நைஸ் என்றால் மடத்தனமான என்றே பொருள். அப்புறம் எதிலும் குறை காண்கிற, மென்மையான என்றெல்லாம் மாறி, 1500களில் துல்லியமான என்றானது. நுணுக்கமான வேறுபாட்டை ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். இனிமையான என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அன்பான என்பது அதற்கும் பிறகு.

தமிழில் இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்கிறது 1274ஆம் குறள். அங்கே நாற்றம் என்பது மொட்டுக்குள் அடங்கியிருக்கும் நறுமணம். குறளில் இருக்கிறதே என்று இன்று யாரையும் அப்படிப் புகழ முடியாது. ஒரு சொல்லைக் கேட்கிறவர் இன்று எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் கணக்கு. உங்கள் தலைமையாசிரியர் நைஸ் என்பதை நல்லவர் என்றுதான் படிப்பார்.

எனக்கு அந்தச் சொல்லின் மேல் வேறொரு குறை உண்டு. நாசி லெமாக்கும் நைஸ், சட்டையும் நைஸ், சாரும் நைஸ் என்றால் அவருக்கென்று என்ன மிச்சம்? எஸ்.பி.எம். தேர்வுக் கட்டுரையிலும் இப்படிப் பொதுவாக எழுதினால் சப்பென்றுதான் இருக்கும். நீங்கள் எனக்கு எழுதிய அந்தக் குடை விஷயம் அட்டையில் இருக்கிறதா? இல்லையென்றால் கீழே இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எந்த கேட், எவ்வளவு மழை, யாரோடு நின்றாள். ஆங்கிலம் தடுமாறினால் அந்த இரண்டு வரியைத் தமிழிலேயே எழுதட்டும். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கு அதைவிட என்ன வேண்டும்!