ஐஎஃப்எஸ்சி (பணம் அனுப்பும்போது கேட்கும் வங்கிக் கிளைக் கோடு): இந்த முறை வந்த கேள்விகள்

ஐஎஃப்எஸ்சி கோடில் நடுவே வருவது சைபரா, ஆங்கில ஓ எழுத்தா? ஆப் ஏற்க மறுக்கிறது. (வாசகி, தேனி)

ஐந்தாவது இடத்தில் எப்போதும் சைபர்தான், எந்த வங்கியானாலும். முதல் நான்கு எழுத்து வங்கிக்கு, கடைசி ஆறு கிளைக்கு, மொத்தம் பதினொன்று. எண்ணிப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

இந்தியன் வங்கியில் கணக்கு வைத்திருப்பதாகச் சொன்னவர் கொடுத்த கோடு ஐ-டி-ஐ-பி என்று தொடங்குகிறது. அது ஐடிபிஐ வங்கி இல்லையா? ஏமாற்றுகிறாரா? (வாசகர், திருவாரூர்)

பாவம், அவரைச் சந்தேகிக்காதீர்கள். ஐ-டி-ஐ-பி என்பது இந்தியன் வங்கியேதான். ஐடிபிஐ வங்கியின் கோடு ஐ-பி-கே-எல் என்று தொடங்கும். இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டுமல்ல, நிறையப் பேருக்கு உண்டு. நான்கு எழுத்தைப் பார்த்து வங்கியை ஊகிக்காமல், கோடைப் போட்டதும் திரையில் வரும் வங்கிப் பெயரையும் கிளைப் பெயரையும் படியுங்கள். அதைக் காட்டுவதே அதற்காகத்தான்.

என் பணம் போய்ச் சேரவில்லை. என்ன செய்வது? (பெயர், ஊர் இல்லை)

எந்த வங்கி, என்றைக்கு, எவ்வளவு, எந்த வழியில் அனுப்பினீர்கள், என்இஎஃப்டியா ஐஎம்பிஎஸ்ஸா, உங்கள் கணக்கில் கழிந்ததா இல்லையா? இதில் ஒன்றுகூட எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி? பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் அடையாள எண்ணை, அதாவது யுடிஆர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் உங்கள் வங்கியைக் கேளுங்கள்.

சிண்டிகேட் வங்கிப் பழைய கோடோடு பத்தாயிரத்தைக் கூட்டினால் கனரா கோடு வந்துவிடும் என்கிறான் என் தம்பி. உண்மையா? (வாசகர், ஓசூர்)

தம்பி விவரமானவர்தான். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் கனராவோடு இணைந்தபோது சிண்டிகேட் கிளைகளுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள்: முன்னால் சி-என்-ஆர்-பி, பின்னால் பழைய எண்ணோடு பத்தாயிரம். பழைய கோடுகள் 2021 ஜூலையிலிருந்து செல்லாது. ஆனால் இந்தக் கூட்டலை மற்ற வங்கிகளுக்குப் போடாதீர்கள். லக்ஷ்மி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தபோது கோடு அடியோடு மாறியது. அதோடு, இணைப்புக்குப் பிறகு பக்கத்துப் பக்கத்துக் கிளைகளை ஒன்றாக்கியும் இருப்பார்கள். புதுப் பாஸ்புக், புதுச் செக் லீஃப், இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் இணையதளம். இந்த மூன்றை விட்டு வேறெங்கும் தேட வேண்டாம்.

சார், பெயர் சரி, ஐஎஃப்எஸ்சி சரி. கணக்கு எண்ணில் மட்டும் ஒரு இலக்கம் மாறிவிட்டது. 40 ஆயிரம் யாருக்கோ போய்விட்டது. பெயர் ஒத்துப்போகவில்லை என்று வங்கி நிறுத்தியிருக்க வேண்டாமா? (வாசகர், பல்லடம்)

எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. பெயரை யாரும் பார்ப்பதில்லை. பெறும் வங்கி கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. ஐஎஃப்எஸ்சி பணத்தை வங்கி வாசல் வரை கொண்டுபோய் விடும், உள்ளே யார் கையில் கொடுப்பது என்பதைக் கணக்கு எண் தீர்மானிக்கும். அந்த எண் யாருக்கும் இல்லாததாக இருந்தால் பணம் திரும்பி வந்துவிடும், பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில். உங்கள் கெட்ட நேரம், அது இன்னொருவருடைய எண்ணாக இருந்துவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது: இன்றே உங்கள் கிளைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், யுடிஆர் எண்ணோடு. அவர்கள் அந்த வங்கிக்கு எழுதுவார்கள், அந்த வங்கி பணம் பெற்றவரிடம் கேட்கும். அவர் சம்மதித்தால் பணம் திரும்பும். சம்மதம் இல்லாமல் வங்கி தானாக எடுத்துக் கொடுக்காது. அவர் மறுத்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியதுதான். வங்கி உங்கள் புகாருக்கு 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் எண்ணைத் தப்பாக அடித்தது நீங்கள் என்பதை அவரும் கேட்பார்.

என்இஎஃப்டி, பெரிய தொகை அனுப்பும் ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் அனுப்பும் முன் கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவு. அதற்குக் கட்டணமும் கிடையாது. அப்படியும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். புதுக் கணக்கு என்றால் முதலில் ஒரு ரூபாய் அனுப்புங்கள். வந்தது என்று எதிராளி போனில் சொன்ன பிறகு மிச்சத்தை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அடிக்காதீர்கள், செக் லீஃபின் படத்தைக் கேட்டு வாங்கி நாலு நாலு இலக்கமாக ஒப்பிடுங்கள்.

செக்கில் கீழே இருக்கும் ஒன்பது இலக்க எண்ணைப் போடலாமா? (வாசகி, விருத்தாசலம்)

கூடாது. அது எம்ஐசிஆர், செக் கிளியரிங்குக்கானது. முதல் மூன்று இலக்கம் ஊர், அடுத்தது வங்கி, கடைசி மூன்று கிளை. சென்னை என்றால் 600 என்று தொடங்கும், அதனால் பின்கோடு என்று நினைத்துவிடாதீர்கள்.

கணக்கை மயிலாடுதுறைக் கிளையிலிருந்து தாம்பரத்துக்கு மாற்றினேன். கணக்கு எண் அதேதான். பழைய கோடிலேயே சம்பளம் வருகிறது. விட்டுவிடலாமா?

ஒரே வங்கிக்குள் என்பதால் வருகிறது. என்றைக்காவது பழைய கிளையை மூடினால் கோடும் போய்விடும். கம்பெனியில் புதுக் கோடைக் கொடுத்துவிடுங்கள், பத்து நிமிட வேலை.

அம்மாவுக்குப் போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு. எங்கள் கிராமத்து ஆபீஸின் கோடு எங்கும் கிடைக்கவில்லை.

கிடைக்காது. நாடு முழுக்க அஞ்சலக சேமிப்புக் கணக்குகளுக்கு ஒரே கோடு: ஐ-பி-ஓ-எஸ், நான்கு சைபர், டி-ஓ-பி. இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு என்றால் அது வேறு, அதன் கோடு வேறு. அம்மாவின் பாஸ்புக்கில் எது என்று பார்த்துவிட்டு, முதலில் ஒரு ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஜிஎஸ் போகுமா?

போகும். 2020 டிசம்பரிலிருந்து இரவு பகல், லீவு நாள் எதுவும் கிடையாது. என்இஎஃப்டி அதற்கு ஒரு வருடம் முன்பே அப்படி ஆகிவிட்டது. ஆர்டிஜிஎஸ்ஸுக்குக் குறைந்தது 2 லட்சம் வேண்டும். கிளைக்கு நேரில் போய்ப் படிவம் எழுதிக் கொடுக்கிறவர் என்றால் திங்கள்கிழமை வரை காத்திருங்கள்.