முதலில் சாக்கைக் கொட்டி எண்ணச் சொல்லுங்கள்

உங்கள் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் நான்கைந்து பேர் சேர்ந்து பிளாஸ்டிக் பாட்டில் குப்பையைக் குறைக்கப் போகிறார்களாம். எதில் தொடங்கலாம், பிள்ளைகளால் இதெல்லாம் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். ஆனால் போஸ்டர் ஒட்டுவதில் தொடங்க வேண்டாம்.

நான் தென் மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை. பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப் படைப் பொறுப்பும் என் தலையில்தான். நாங்களும் முதலில் போஸ்டர்தான் ஒட்டினோம். அப்புறம் பாட்டிலில் கைவினைப் பொருள் செய்யும் போட்டி வைத்தோம். முந்தின நாள் சாயங்காலம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கடை வாசலில் நின்று, புதுப் பாட்டிலைத் திறந்து தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். பூந்தொட்டி செய்யப் பாட்டில் வேண்டுமாம். அடுத்த வருஷம் அந்தப் போட்டி இல்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்த பிறகுதான் உருப்படியாக ஏதோ நடந்தது. ஒரு வாரம் பாட்டிலை மட்டும் தனிச் சாக்கில் போடச் சொன்னோம். சனிக்கிழமை சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் கொட்டிப் பிரித்தார்கள். 200-க்கு மேல் இருந்தது. ஜூஸ் பாட்டில்களில் எறும்பு மொய்த்திருந்தது. பாதிக்கு மேல் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், மிச்சம் பத்து ரூபாய் ஜூஸ். ஒரு லிட்டர் பாட்டில் ஐந்தாறுதான். அதைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வருவதில்லை, வீட்டில் கழுவி மாதக்கணக்கில் கொண்டுவருகிறார்கள். 'பள்ளிக்குள் பிளாஸ்டிக் பாட்டிலே கூடாது, ஸ்டீல்தான்' என்று உத்தரவு போட்டிருந்தால் முதலில் அடிபட்டிருப்பது இந்தப் பிள்ளைகள்தான். நல்லவேளை, போடவில்லை.

அரை லிட்டர் பாட்டிலை ஏன் வாங்குகிறார்கள்? நான் கேட்டால் ஒரு பதில் வரும், பிள்ளைகளே கேட்டால் வேறு வரும். அதனால் அவர்களையே வகுப்பு வகுப்பாக அனுப்பினேன். 'குழாய்த் தண்ணி உப்பு', 'கடைத் தண்ணிதான் சில்லுனு இருக்கு' என்ற இரண்டும் எதிர்பார்த்தவை. பெண் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வந்தவள் மட்டும் நோட்டைக் காட்டத் தயங்கினாள். 'ரொம்பப் பேர் தண்ணியே குடிக்கிறதில்ல டீச்சர். குடிச்சா பாத்ரூம் போகணும்.' கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை. பாட்டில் குப்பையை எண்ணப் போய் இங்கே வந்து நின்றோம். அந்த மாதமே இரண்டு தாழ்ப்பாள் போட்டோம். செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

உப்பு விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்க, பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கிப் பிள்ளைகள் குழாய்த் தண்ணீரில் விட்டார்கள். 1,400 காட்டியது. இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆக, காகிதத்தில் எங்கள் தண்ணீர் குற்றமற்றது. வாயில் வைத்தால்தான் தெரியும்.

தெருமுனை வரை தாமிரபரணி கூட்டுக் குடிநீர் வருகிறது, பள்ளிக்குள் வரவில்லை. பிள்ளைகள் எண்ணிக்கையையும் மீட்டர் அளவையும் ஒரே தாளில் எழுதினார்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லையே, அதனால் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, எங்கள் மாணவி ஒருத்தியின் அம்மா, அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து அதை வாசித்தார். 'தண்ணீர் வசதி வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். 'வாரத்துக்கு இத்தனை பாட்டில், இத்தனை ரூபாய் கடைக்குப் போகிறது' என்றதும் கூட்டம் திரும்பிப் பார்த்தது. குழாய் இணைப்பு வரப் பொங்கல் ஆகிவிட்டது என்பது வேறு கதை.

சில்லென்று வேண்டும் என்பதற்குக் குழாய் வைத்த மண்பானை ஆறு வாங்கினோம். வராந்தாவில் மணல் பரப்பி வைத்து, மணலில் தண்ணீர் தெளிப்பது ஆறாம் வகுப்பின் முறை. பானையின் நுண்துளையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது என்ற பாடம் அந்த வருஷம் யாருக்கும் மறக்கவில்லை. முதல் மாதமே இரண்டு பானை உடைந்தது, அதற்கும் தயாராக இருங்கள். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிக்கத் தனியாக மணி அடிக்க ஆரம்பித்தார்கள் அல்லவா, அதையும் எடுத்துக்கொண்டோம். மணி அடிக்காவிட்டால் இடைவேளையில் விளையாட்டுதான், தண்ணீர் ஞாபகமே வராது.

'2019 ஜனவரி 1-இலிருந்து 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடைன்னு சொன்னீங்களே, அப்புறம் ஏன் பாட்டில் விக்கிறாங்க?' என்று ஒருத்தி மடக்கினாள். தமிழ்நாடு அரசின் அந்தத் தடைப் பட்டியலில் தண்ணீர் பாக்கெட் உண்டு, தண்ணீர் பாட்டில் இல்லை. எங்கள் கடையில் பாக்கெட் போன இடத்தில்தான் அரை லிட்டர் பாட்டில் வந்து உட்கார்ந்தது. நீலகிரியில் பாட்டிலுக்கும் தடை உண்டு, ஆனால் அங்கே காசு போட்டால் குடிநீர் தரும் தண்ணீர் ஏடிஎம்களும் வைத்தார்கள். குடிக்க வேறு வழி காட்டாமல் கையிலிருக்கும் பாட்டிலை எப்படிப் பிடுங்குவது?

மிஞ்சும் பாட்டிலைப் பழைய இரும்புக் கடையில் போடுகிறோம். பெரிய காசு எதிர்பார்க்காதீர்கள், கிலோ நிறைய ஐம்பது பாட்டிலாவது வேண்டும். ஆனால் ஒரு வாளித் தண்ணீரில் பாட்டில் துண்டையும் மூடியையும் போட்டுக் காட்டுங்கள். பாட்டில் மூழ்கும், மூடி மிதக்கும். இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக். மறுசுழற்சி ஆலையிலும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். பாட்டில் துகள் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலாகிறது.

ஆண்டு விழா மேடையைச் சொல்லாமல் விடக் கூடாது. வருஷமெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு, விருந்தினர் முன்னால் வரிசையாகப் பாட்டில் வைத்து, இரண்டு வாய் குடித்ததும் தூக்கிப்போடுவது நாங்கள்தான். இந்த முறை பிள்ளைகளே எங்களைக் கேட்காமல் செம்பும் தம்ளரும் வைத்துவிட்டார்கள். விருந்தினர் ஒன்றும் சொல்லவில்லை. எங்களில் ஒருவருக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

இப்போது வாரத்துக்குக் கால் சாக்கு வருகிறது. அதில் தண்ணீர் பாட்டில் அபூர்வம், எல்லாம் ஜூஸ். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை. கண்ணாடிப் பாட்டிலில் கோலி சோடா வைக்கலாமே, பாட்டில் திரும்பி வந்துவிடுமே என்று பிள்ளைகள் கடை அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்த்தார்கள். 'உடைச்சா காசு யாரு தருவா, ஒங்க டீச்சரா?' என்று கேட்டு அனுப்பிவிட்டார்.