சாலையோர வீடும் பிள்ளையின் இழுப்பும்

கோலாலம்பூர், செந்தூல் வாசகி ஒருவர் கேட்கிறார்: "வீடு ஜாலான் ஈப்போ ஓரத்தில், இரண்டாம் மாடி. 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது மகனுக்கு ஆஸ்துமா இழுப்பே வரவில்லை. இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறது. ஐபியு (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) பார்த்தால் 60, 70தான் காட்டுகிறது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா?"

நீங்கள் கவனித்தது சரிதான். அந்த வருடம் மார்ச் 18-க்குப் பிறகு வண்டிகள் நின்றதும் முதலில் இறங்கியது நைட்ரஜன் டைஆக்சைடு. எஞ்சின் கக்குகிற இந்த வாயுவுக்குக் காற்றில் சில மணி நேரம்தான் ஆயுள், அதனால் சாலை அடங்கினால் உடனே குறையும், வண்டிகள் திரும்பினால் அதே வேகத்தில் ஏறும். பிஎம் 2.5 என்கிற நுண்தூசி அந்த அளவுக்குக் குறையவில்லை, ஏனென்றால் அது நாள்கணக்கில் மிதக்கும், தொழிற்சாலையிலிருந்தும் வரும், புகைமூட்டக் காலத்தில் சுமத்ராவிலிருந்தும் வரும்.

இங்கேதான் ஐபியு உங்களைக் குழப்புகிறது. பல மாசுகளை அளந்து, அவற்றில் எதன் குறியீடு அதிகமோ அதை மட்டும்தான் அந்த எண் சொல்லும், அது பெரும்பாலும் நுண்தூசிதான். பத்து மூடா (Batu Muda) வட்டாரத்தில் இருக்கும் காற்று அளவீட்டு நிலையத்துக் கருவிக்கு உங்கள் ஜன்னலடியில் சிக்னலுக்காக நிற்கிற பஸ்ஸின் புகை தெரியாது. புகைமூட்ட நாளில் ஐபியுவை நம்புங்கள், சாலைப் புகைக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

ஆனால் ஒன்று, அப்போது பள்ளியும் மூடியிருந்தது. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சளியைப் பரப்பவில்லை, இழுப்பைக் கிளப்புவதில் சளிக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லாப் பழியையும் காற்றின் மேல் போட்டு இன்ஹேலரை விட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறதென்றால் நோய் கட்டுக்குள் இல்லாமல் இருக்கலாம், இந்த வாரமே கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.

சரி, சுத்திகரிப்பான். ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வாங்குவதானால் தடிப்பான கரி வடிகட்டியும் சேர்ந்ததாக, அவன் படுக்கும் அறைக்கு வாங்குங்கள். அதற்கு முன்னால் காசு செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது, எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம்: அவன் படுக்கையைச் சாலைப் பக்க அறையிலிருந்து பின்கட்டு அறைக்கு மாற்றுங்கள். வண்டிப் புகை சாலையோரத்தில்தான் அடர்த்தி, சுவர் தாண்டிப் பின்பக்கம் போனாலே குறையும். காலை 7 முதல் 9 வரை, மாலை 5 முதல் 8 வரை சாலைப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டுப் பின் ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமைக்கும்போது அடுப்படி ஜன்னல் கட்டாயம் திறந்திருக்கட்டும், கேஸ் அடுப்பும் அதே நைட்ரஜன் டைஆக்சைடைத்தான் வெளியிடுகிறது.

அப்புறம், மோட்டாரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறீர்கள் என்றால் பெரிய சாலையை விட்டு உள்சாலை வழியாகப் போங்கள், ஐந்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. சிக்னலில் லோரிக்குப் பின்னால் மட்டும் நிறுத்தாதீர்கள்.