தோளை இறுக்கி, அப்புறம் விடுங்கள்

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறேன். ராத்திரியில் தோள் இறுகித் தூக்கம் வருவதில்லை. பேரன் கைப்பேசியில் ஏஐ குரலைப் பேசவிட்டு, "அது சொல்றபடி உடம்பைத் தளர்த்துங்க பாட்டி" என்கிறான். செய்யலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாகச் செய்யுங்கள் அம்மா. தசையை இறுக்கித் தளர்த்தும் இந்த முறையை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களிலேயே எழுதிவைத்துவிட்டார். தோள்களைக் காதுப்பக்கம் தூக்கி ஐந்தாறு விநாடி இறுக்குங்கள். சட்டென்று விட்டுவிட்டு, அந்த இளக்கத்தை அரை நிமிடம் கவனியுங்கள். பயிற்சியின் உயிரே அங்கேதான். குரல் அந்த இடைவெளியைத் தராமல் ஓடினால், "மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொல்" என்று பேரனைக் கேட்கச் சொல்லுங்கள். வலிக்கும் இடத்தை இறுக்க வேண்டாம். உங்கள் வலி அந்தக் குரலுக்குத் தெரியாது. கை மரத்துப்போனால் உடனே கிளினிக் போய்விடுங்கள்.